எருமையை மாற்றிக்கொள்ள வந்தவர்

எங்கள் வீட்டு மாப்பிள்ளையின் கிட்டார் ஆம்ப்ளிபையரை ஏற்றியதும், எட்டு மாடிக் கட்டடத்து லிப்ட் ஒன்று “இனி என்னால் ஆகாது” என்று உயிரை விட்டுவிட்டது. இதைப் பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு அந்தப் பெட்டியோடு ஏழு ஆட்களும் ஒரு டிரம் செட்டும் ஏறியிருந்தார்கள் என்பதையும், லிப்ட் உயிரை விடவில்லை, பாரம் அதிகம் என்று மணியடித்துவிட்டுச் சும்மா நின்றது என்பதையும் மட்டும் சொல்லாமல் விட்டிருக்கிறேன். மிகைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பெட்டியை ஒரு முறை தூக்கிப் பார்த்தவர்கள் யாரும் என்னைப் பொய்க்காரி என்று சொன்னதில்லை.

மாப்பிள்ளைக்குத் தொழிலே லிப்ட் பழுது பார்ப்பது என்பதால் வெளியில் எல்லோருக்கும் அவர் லிப்ட்காரர்; இந்தக் கதையில் மாமியார் எனக்கும் அப்படித்தான். பெட்டிக்குப் பெயர் எருமை. கறுப்பு, கனம், தட்டி எழுப்பினாலும் உடனே எழுந்திருக்காது. பழைய வால்வு ரகம். சுவிட்சைப் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். உள்ளே கண்ணாடிக் குழல்கள் மெல்லக் கனிந்து ஆரஞ்சு நிறம் காட்டிய பிறகுதான் வாயைத் திறக்கும். திறந்தால் மூடாது.

அவர் வேலையில் சேர்ந்த புதிதில், இழுத்து மூடிக் கிடந்த ஓர் அரங்கத்தின் லிப்ட் குழியைச் சுத்தம் செய்யப் போனபோது கிடைத்தது அது. குப்பையோடு போடச் சொன்னார்கள். அவர் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். ரேடியோ ரிப்பேர்க்காரர் ஒருவரின் காலில் விழாத குறையாக நின்று அதற்கு உயிர் கொடுக்க வைத்தார். கல்யாணமாகி முதல் வாடகை அறைக்குக் குடிபோனபோது கட்டிலுக்கு முன்னால் எருமைதான் உள்ளே போனது. மேசை வாங்கும்வரை அதன் தலையில் தட்டை வைத்துத்தான் இரண்டு பேரும் சாப்பிட்டார்கள். அவர்கள் மகள் முதன்முதலாக எழுந்து நின்றது அதன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு. அவர் மனைவிக்குக் கோபம் வந்தால் அதைப் பெயர் சொல்லிக் குறிப்பிடமாட்டாள். “எனக்கு முன்னாடி வந்த மூத்தவ” என்பாள்.

அந்த மூத்தவளைத்தான் இப்போது தள்ளிவைக்க வேண்டிய நிலைமை.

மனைவியின் தம்பி ஒரு சிறு இசைக்குழு வைத்திருந்தான். அவன் பாட்டு, லிப்ட்காரர் கிட்டார், இன்னும் இரண்டு பேர். ஞாயிற்றுக்கிழமைகளில் ஓட்டல் கூடங்களிலும் கம்பெனி ஆண்டு விழாக்களிலும் வாசிப்பார்கள். வாரம் முழுக்கக் கிரீஸும் கயிறுமாக, இருட்டுக் குழிக்குள் நிற்கிற மனுஷனுக்கு, சலவை செய்த சட்டை போட்டு வெளிச்சத்தில் நிற்பது அந்த ஒரு நாள்தான். அதிலும் சில மாதங்களாக ஒரு சிக்கல். எருமையின் குரல் மங்கிவிட்டது என்று அவர் சொன்னார். கிட்டாரின் கூர்மையெல்லாம் போய், கம்பளியால் போர்த்திவிட்டு வாசிப்பதுபோல் இருக்கிறதாம். வால்வுகளை மாற்றினார். ஸ்பீக்கரை மாற்றினார். தொடர்புகளையெல்லாம் சுரண்டிச் சுத்தம் செய்தார். பலனில்லை. கூர்மையைக் கூட்டும் டிரெபிள் குமிழைத் திருகிக்கொண்டே போனார்.

மைத்துனன் சொன்னதோ நேர்மாறு. போன நிகழ்ச்சி முடிந்து வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது, கிட்டார் சத்தம் காதில் ஊசி ஏற்றுகிறது என்றும், முன்வரிசையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து கடைசி வரிசைக்குப் போனதை அவர் பார்க்கவில்லையா என்றும் கேட்டான். பார்த்திருந்தார். ஏசிக் காற்று தாங்காமல் போகிறார்கள் என்று நினைத்திருந்தார்.

“பெட்டி கெட்டுப்போச்சு மாப்ளே. அதான்” என்றார் லிப்ட்காரர்.

“வால்வு மாத்துனீங்க, ஸ்பீக்கர் மாத்துனீங்க. இன்னும் பெட்டிதானா? ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்.” சிரித்துக்கொண்டேதான் சொன்னான். அடுத்ததைச் சிரிக்காமல் சொன்னான். “வர்ற ஞாயித்துக்கிழமையும் இப்படின்னா நான் வேற ஆளு பாத்துக்கறேன் மாமா. அக்கா மூஞ்சிக்காக எத்தனை நாளு ஜனங்கள எழுந்து ஓட வைக்கிறது?”

லிப்ட்காரரிடம் ஒரு விளக்கம் இருந்தது. ஸ்பீக்கரின் கூர்மையான ஒலி நேராக முன்னால்தான் பாயும். பக்கத்தில் நிற்கிற வாத்தியக்காரனுக்கு மிச்சம் மீதிதான் கிடைக்கும். கிட்டார்காரர்கள் எல்லோரும் அறிந்த விஷயம், பொய்யும் இல்லை. வயதான பெட்டியில் இந்தக் கோளாறு முற்றிவிட்டது, முன்னால் நெருப்பு, பின்னால் சாம்பல் என்று அவர் தீர்மானித்தார். பெட்டியை நாற்காலியில் ஏற்றி வைத்தார், சாய்த்து வைத்தார், கடைசியில் மாற்றிவிடுவது என்று முடிவுக்கு வந்தார்.

அந்த விளக்கத்துக்கு அடங்காத சங்கதிகளும் உண்டு. வீட்டில் துணி துவைக்கும் இயந்திரம் வேலை முடிந்ததும் கூவுவதில்லை என்று அதைப் பிரித்துப் பரப்பினார். கோளாறு ஒன்றும் அகப்படாமல் திரும்பப் பூட்டியபோது இரண்டு திருகாணிகள் மிஞ்சின. “அது கூவிக்கிட்டுதாம்பா இருந்துச்சு” என்றாள் மகள். பள்ளிக்கூடத்துப் பிள்ளை, விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று விட்டுவிட்டார். வேலையிலும் ஒன்று. பன்னிரண்டு மாடிக் கட்டடம் ஒன்றின் காவலாளி, மேலே மோட்டார் அறையில் ஏதோ கீச்சிடுகிறது என்று இரண்டு தடவை சொல்லிவிட்டார். லிப்ட்காரர் போய், நீளத் திருப்புளியின் முனையை மோட்டாரின் பேரிங்மேல் ஊன்றி, பிடியைக் காதோடு அழுத்திக் கேட்டார். அவருடைய வழக்கம் அது. பேரிங் தேய ஆரம்பித்தால் முதலில் மெல்லிய சீறல்தான் வரும். சீறல் இல்லை. நன்றாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, காவலாளியின் காதுக்குள் சில்வண்டு புகுந்திருக்கும் என்று வீட்டில் சொல்லிச் சிரித்தார்.

மாற்றிக்கொள்ள ஆள் கிடைத்தார். வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கிற டிரைவிங் ஸ்கூல்காரர். கிட்டார் அவருக்குப் பொழுதுபோக்கு. புத்தம்புதிய, ஒரு கையால் தூக்கக்கூடிய ஆம்ப்ளிபையர் வைத்திருந்தார், பழைய வால்வுப் பெட்டிக்காக வெகுநாளாக ஏங்கிக்கொண்டிருந்தார். பெட்டிக்குப் பெட்டி, வேறு பேச்சில்லை. சனிக்கிழமை மதியம் வருவதாகச் சொன்னார்.

அந்த வாரம் லிப்ட்காரரிடம் யாரும் பேச்சுக் கொடுக்க முடியவில்லை. வேலை முடிந்து வந்ததும் எருமையைத் துணியால் துடைப்பார். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைப்பார். சோபாவில் உட்கார்ந்து அதைப் பார்ப்பார், அது அவரைப் பார்க்கும். அவர் மனைவிக்குப் பொறுக்கவில்லை.

“தள்ளிவைக்கிறதுன்னா வச்சுடுங்க. இல்லன்னா வேண்டாம்னுடுங்க. கருமாதி வீடு மாதிரி மூஞ்சிய வச்சுக்கிட்டு எங்களயும் ஏன் சாகடிக்கிறீங்க?”

ஞாயிற்றுக்கிழமை மேடையில் நிற்க வேண்டுமே என்றார் அவர். தம்பி சொன்னதைச் செய்கிறவன் என்பது அவளுக்குத் தெரியும்.

சனிக்கிழமை டிரைவிங் ஸ்கூல்காரர் வந்தார். பின் சீட்டில் ஆம்ப்ளிபையருக்கு சீட் பெல்ட் போட்டுக் கூட்டிவந்திருந்தார். வருஷக்கணக்காகப் பக்கத்து இருக்கையிலிருந்து பிரேக் போட்டுப் போட்டு அவருடைய வலது கால் ஒரு பழக்கத்துக்கு வந்திருந்தது: எதிராளி கொஞ்சம் வேகமாகப் பேசினாலே பாதம் தரையை அழுத்தும்.

பெட்டி மாற்றிக்கொள்கிறவர்களிடையே ஒரு மரியாதை உண்டு. முதல் தடவை வாசிக்கும்போது குமிழ்களில் கை வைக்கக்கூடாது. சொந்தக்காரன் எப்படி வைத்திருக்கிறானோ அப்படியே கேட்க வேண்டும். பெண் பார்க்கப் போன இடத்தில் இப்படித் திரும்பு, அப்படி நட என்று சொல்லாத மாதிரி. எருமை கனிந்து வந்ததும் டிரைவிங் ஸ்கூல்காரர் தன் கிட்டாரைச் செருகி, ஆசையோடு ஒரே ஒரு வீச்சு வீசினார்.

அவர் கண் இரண்டும் இறுக மூடிக்கொண்டன. கால் தரையை அழுத்தியது. உள்ளறையில் படித்துக்கொண்டிருந்த மகள் எழுந்து வந்து, கதவை மரியாதையாகச் சாத்திவிட்டுப் போனாள்.

“அண்ணே, பல்லு கூசுதுண்ணே” என்றார் பாவம். பிறகு, அனுமதி கேட்பதுபோல் அவரைப் பார்த்துவிட்டு, டிரெபிள் குமிழைப் பின்னுக்குத் திருகினார். பாதி வட்டத்துக்கும் கீழே கொண்டுபோய் வைத்து மறுபடி வாசித்தார். இம்முறை முகம் மலர்ந்துவிட்டது. இதைப் போயா கைமாற்றுகிறீர்கள், தேன், தேன் என்றார்.

லிப்ட்காரருக்குக் கேட்டது தேன் இல்லை. கம்பளி. பக்கத்து அறையில் யாரோ வாசிப்பதுபோல் ஒரு மொத்தை. நேர் முன்னால், ஸ்பீக்கரின் வாயில்தான் நின்றுகொண்டிருந்தார், பக்கவாட்டில் அல்ல. அவருடைய விளக்கத்தில் முதல் விரிசல் விழுந்தது அங்கேதான். மனம் ஒப்பவில்லை. ஒவ்வொருவருக்கு ஒரு ருசி என்று சொல்லிக்கொண்டார்.

அடுத்து அவர் முறை. புதுப்பெட்டியில் செருகி வாசித்தார். அதுவும் மங்கல்தான். முறைக்கு ஒரு தடவை வாசித்தாயிற்றே என்று டிரெபிளைக் கூட்டினார். இன்னும் கூட்டினார். குமிழ் முட்டி நின்ற இடத்தில், அப்பாடா, கண்ணாடிமேல் தண்ணீர் விழுந்ததுபோல் ஒரு தெளிவு வந்தது. எவ்வளவு காலமாயிற்று இப்படிக் கேட்டு. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. திரும்பிப் பார்த்தால் டிரைவிங் ஸ்கூல்காரர் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டிருந்தார். நல்லவேளையாக அவருக்குப் போன் வந்தது. பழகுகிறவன் யாரோ வண்டியைச் சுவரில் முட்டிவிட்டானாம். பேசிக்கொண்டே வாசலுக்குப் போனார்.

சத்தம் கேட்டுச் சமையலறையிலிருந்து வந்த மனைவி, புதுப்பெட்டியைப் பார்க்கவில்லை. எருமையின் முன்னால் குந்தி உட்கார்ந்து டிரெபிள் குமிழையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேடை இருட்டில் குமிழை எங்கே நிறுத்துவது என்று தெரிவதற்காக வாத்தியக்காரர்கள் ஓர் அடையாளம் வைத்துக்கொள்வார்கள். லிப்ட்காரர் வைப்பது மனைவியின் நகப்பூச்சில் ஒரு பொட்டு. இடம் மாறினால் அப்போது வீட்டில் எந்தப் பூச்சு இருக்கிறதோ அதில் புதுப்பொட்டு. பழசைச் சுரண்டமாட்டார்; மூத்தவள் முகத்தில் தழும்பு விழக்கூடாதாம். குமிழைச் சுற்றி அந்தப் பொட்டுகள் வரிசையாக இருந்தன, திருவிழாப் பார்க்கக் கிளம்பிய பிள்ளைகள் மாதிரி எல்லாம் ஒரே திசையில்.

அவள் விரலால் தொட்டுக்கொண்டே போனாள். பாதி வட்டத்துக்குக் கீழே சிவப்பு. அது அவள் கல்யாணத்துக்குப் பூசியது. கொஞ்சம் தள்ளி இளஞ்சிவப்பு. மகள் வயிற்றில் இருந்தபோது. பிறகு ஊதா, தம்பி கல்யாணத்துக்கு வாங்கியது. அப்புறம் வெள்ளி. கடைசியில், குமிழ் முட்டி நிற்கிற இடத்தில், இப்போது மகள் பூசிக்கொள்கிற கரும்பச்சை. டிரைவிங் ஸ்கூல்காரர் திருகிவிட்டுப் போன முள் சிவப்புப் பொட்டின்மேல் அப்படியே நின்றது.

பிறகு எழுந்துபோய்ப் புதுப்பெட்டியைப் பார்த்தாள். அதில் பொட்டு ஒன்றும் இல்லை. முள் மட்டும் கரும்பச்சை இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது.

“வால்வு புதுசு, ஸ்பீக்கர் புதுசுன்னீங்க” என்றாள் மெதுவாக. “இதோ பெட்டியும் புதுசு.”

“என்ன சொல்ல வர்ற?”

“நான் ஒண்ணும் சொல்லலங்க. மாத்தாதது எது பாக்கின்னு பாக்கறேன்.”

அவள் குரலில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் அவருக்குச் சண்டை போட ஒரு பிடி கிடைத்திருக்கும். அவள் கண் அவருடைய காதுப் பக்கம் போய்விட்டுத் தரைக்குத் திரும்பியது. அவ்வளவுதான்.

லிப்ட்காரருக்குக் கூவாத துவைக்கும் இயந்திரம் நினைவுக்கு வந்தது. எழுந்துபோன முன்வரிசை வந்தது. இதெல்லாம் வந்தது பிறகுதான். முதலில் வந்தது காவலாளி. பன்னிரண்டு மாடி. காலையும் மாலையும் பிள்ளைகளும் கிழவர்களும் ஏறி இறங்குகிற பெட்டி. நன்றாக இருக்கிறது என்று போட்ட கையெழுத்து. திருப்புளியை அழுத்திய காதுக்குள் இருந்த அமைதியை அவர் பேரிங்கின் அமைதி என்று நம்பியிருந்தார்.

வாசலில் போன் பேச்சு முடிகிற தொனி. யோசிக்க அவருக்கு இருந்த அவகாசம் அவ்வளவுதான்.

வாயை மூடிக்கொண்டு மாற்றிக்கொள்ளலாம். பெட்டிதான் கெட்டது, புதுசு வாங்கியாயிற்று என்று ஊருக்குச் சொல்லலாம். யாருக்கும் தெரியாது, அவள் சொல்லமாட்டாள். அந்தக் கண்ணாடித் தெளிவு இன்னும் சில காலம் கிடைக்கும். ஆனால் நாளைக்கே முன்வரிசை எழுந்து ஓடும். அப்போது சொல்லப் பெட்டியும் இருக்காது, சாக்கும் இருக்காது. சொல்லிவிட்டால்? காது போன கிட்டார்காரனை யார் மேடையேற்றுவார்கள்? காது போன லிப்ட்காரனை எந்தக் கம்பெனி வைத்துக்கொள்ளும்? தலைப்பக்கமும் கொள்ளி, வால்பக்கமும் கொள்ளி. எறும்பு எந்தப் பக்கம் ஓடும்?

டிரைவிங் ஸ்கூல்காரர் கையைத் தேய்த்துக்கொண்டே உள்ளே வந்தார். தூக்கலாமா அண்ணே, யார் தலைப்பக்கம் பிடிக்கிறது என்று கேட்டார். குனிந்து எருமையின் கைப்பிடியைப் பற்றியும்விட்டார்.

லிப்ட்காரர் நிமிர்ந்து நின்றார். நீதிமன்றத்தில் சாட்சி சொல்கிறவர்போல, ஒரு சொல் தடுமாறாமல், எதிராளியின் கண்ணைப் பார்த்துச் சொன்னார்.

“பெட்டியில ஒரு குறையும் இல்ல. என் காதுதான் போயிடுச்சு.”

டிரைவிங் ஸ்கூல்காரரின் கால் தரையை அழுத்தியது. வெகுநேரம் எடுக்கவே இல்லை. பிறகு கைப்பிடியை விட்டுவிட்டு நிமிர்ந்தார்.

“அப்ப இத நான் கொண்டுபோகக்கூடாதுண்ணே” என்றார். தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டுபோய், பின் சீட்டில் வைத்து, மறக்காமல் பெல்ட்டைப் போட்டார்.

அன்று மாலையே லிப்ட்காரர் பன்னிரண்டு மாடிக் கட்டடத்துக்குப் போனார். லிப்டை நிறுத்திப் பலகை மாட்டிவிட்டு, நீங்கள் சொன்னதுதான் சரி என்று காவலாளியிடம் சொன்னார். சக மெக்கானிக்கை வரவழைத்து, மோட்டாரை வெறுமனே ஓடவிட்டுத் திருப்புளியை அவர் காதில் கொடுத்தார். வைத்த மாத்திரத்தில் அவர் முகம் சுளித்துத் தலையை விலக்கினார். பேரிங் மாற்றினார்கள். கம்பெனியில் காதைச் சோதிக்க அனுப்பினார்கள். வேலை போகவில்லை, கயிறும் கதவும் பிரேக்கும் அவர் பொறுப்பு, காதால் பார்க்க வேண்டியது மட்டும் இன்னொருவர் பொறுப்பு என்று பிரித்துக் கொடுத்தார்கள். மோட்டார் அறைகளும் அறுக்கும் இயந்திரமும் தின்றது பாதி, அவர் எதிரிலேயே நின்று வாசித்த பெட்டி தின்றது பாதி என்றார் காது டாக்டர். மூத்தவள் பழிவாங்கிவிட்டாள் என்று அவர் மனைவி சொன்னாள். சொல்லிவிட்டு உள்ளே போய் அழுதாள்.

கம்பெனியும் டாக்டரும் பின்னால். ஞாயிற்றுக்கிழமை இருந்ததே, அதுதான் பெரிய பரீட்சை. ஓட்டல் கூடத்தில் எருமையை இறக்கி வைத்ததும் லிப்ட்காரர் மைத்துனனை ஓரமாகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். டிரெபிளை நீயே வை, நான் தொடமாட்டேன் என்றார். பழமொழி சொன்னவன் குனிந்து குமிழைத் திருகினான். கேட்டுக் கேட்டுத் திருகினான். அது போய் நின்ற இடம் சிவப்புக்கும் இளஞ்சிவப்புக்கும் நடுவில்.

முதல் பாட்டு முழுக்க அவருக்குக் கம்பளிதான் கேட்டது. வலது கை குமிழுக்குப் போகத் துடித்தது. தந்தியை விட்டால்தானே போகும் என்று விடாமல் வாசித்தார். தான் வாசிப்பது நன்றாக இருக்கிறதா என்று தெரியாமல், விரல் பழகிய தடத்தை மட்டும் நம்பி வாசித்தார். முன்வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பெரியவர் எழுந்தார். லிப்ட்காரர் தாளத்தை விடாமல் அவரையே பார்த்தார். பெரியவர் சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்திவிட்டு அங்கேயே உட்கார்ந்தார்.

எழுதி முடித்ததும் இதை வீட்டில் எல்லோரையும் உட்காரவைத்து வாசித்துக் காட்டினேன். எருமை மூலையில் இருந்தது. லிப்ட்காரர் கடைசிவரை தலையைச் சாய்த்துக் கேட்டார். நான் கொஞ்சம் உரக்கவே வாசித்தேன்.

“எல்லாம் சரிதான் அத்தை. அந்த இடம் மட்டும் நீங்க எழுதின மாதிரி இல்ல” என்றார். “நிமிந்தெல்லாம் நிக்கல. உண்மையச் சொல்லணும்னும் சொல்லல. என் காது போயிடுச்சுன்னு சொன்னா, அவரு உடனே ‘சேச்சே, உங்க காதுக்கு என்னண்ணே, நல்லாத்தானே இருக்கு’ன்னு சொல்வாருன்னு பாத்தேன்.”

“அப்புறம்?”

“அவரு சொல்லல.”